ஐரோப்பாவில் ஆற்றுக்கப்பல், ராமேஸ்வரத்தில் என்ன? கடல்வழியே ஊர் பார்க்க எங்கெல்லாம் போகலாம், எங்கே போகக் கூடாது?

ஜெர்மனியின் ரைன் ஆற்றில் ஒரு கப்பலில் ஏறி உட்கார்ந்தால், ஊர் தானாகவே ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும். காலையில் ஒரு கோட்டை, மதியம் ஒரு திராட்சைத் தோட்டம், சாயங்காலம் ஒரு பழைய சந்தைத் தெரு. கப்பல் நிற்கும் இடத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஊரின் நடுப்பகுதி. ஐரோப்பிய ஆற்றுக்கப்பல் சுற்றுலாவின் மொத்த ரகசியமும் இதுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், ஊர்தான் நம்மைத் தேடி வரும். ரைனின் நடுப்பகுதியில் சுமார் 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கை 2002-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. டான்யூப் ஆறோ 10 நாடுகளைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது.

இந்த வீடியோக்களை யூடியூபில் பார்க்கும் பலருக்கும் ஒரு கேள்வி வரும். நம்ம ஊரில் இப்படி ஏன் இல்லை?

ராமநாதபுரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் சுவாரஸ்யமானது. இல்லை என்றும் சொல்லலாம், ஒரு காலத்தில் இருந்தது என்றும் சொல்லலாம்.

வைகையில் ஏன் கப்பல் ஓடாது?

மாவட்டத்தின் பெரிய ஆறு வைகை. ஆனால் அது கடலைப் பார்ப்பதே அபூர்வம். வருகிற தண்ணீரெல்லாம் வழியெங்கும் உள்ள கண்மாய்களுக்குப் பிரிந்து, மிச்சம் இருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேரும். அதுவும் நிரம்பி வழியும் ஆண்டில்தான் ஆற்றங்கரை ஊர் அருகே பாக் விரிகுடாவில் கலக்கும். ஆண்டு முழுவதும் மணல் தெரியும் ஆற்றில் கப்பலுக்கு வழியில்லை.

ஆனாலும் அந்த முகத்துவாரத்தின் பக்கத்தில் உள்ள அழகன்குளத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களில் இருந்து பல கட்டமாகத் தோண்டிய இந்த ஊரில், ரோமானியக் காசுகளும் மது கொண்டுவந்த ஜாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. ஒரு பானை ஓட்டில் கப்பலின் கோட்டுருவமே கீறப்பட்டிருந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே மத்தியதரைக் கடல் சரக்கு வந்து இறங்கிய கரை அது. இன்று அங்கே போனால் சாதாரண மீனவ கிராமம்தான் கண்ணில் படும்.

ஆக, இந்தக் கரையில் ஆற்றின் வேலையைச் செய்தது கடல்தான். ஒரு பக்கம் பாக் விரிகுடா, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் பாம்பன் கால்வாய். தனுஷ்கோடிக்காரர்கள் பாக் விரிகுடா பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடா பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும், மற்றொன்று அலையடித்துக்கொண்டே இருக்கும். அரிச்சல்முனையில் நின்றால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

'போட் மெயில்' என்றால் என்ன?

சென்னை எழும்பூரில் ஒரு டிக்கெட். இறங்குவது கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில். இப்போது கேட்டால் கதை மாதிரி இருக்கும். ஆனால் 1914 முதல் 1964 வரை இது தினசரி நடைமுறை.

1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. ரயில் கடலைத் தாண்டி தனுஷ்கோடி துறை வரை போனது. அங்கே சுங்கச் சோதனை முடித்து, காத்திருக்கும் நீராவிக் கப்பலில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே இன்னொரு ரயில். இந்தியா-சிலோன் எக்ஸ்பிரஸ் என்பது அதிகாரப்பூர்வப் பெயர், மக்கள் வாயில் அது 'போட் மெயில்'. கப்பல்களுக்கு வைஸ்ராய், கவர்னர்களின் பெயர்கள்: கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். பிறகு வந்தவை இர்வின், கோஷன்.

இதில் போனவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டும் அல்ல. வியாபாரிகள், யாத்ரீகர்கள், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன கூலித் தொழிலாளர்கள் எல்லாரும் போனார்கள். தொழிலாளர்கள் முதலில் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, காலரா, அம்மை இல்லை என்று பார்த்த பிறகே கப்பல் ஏற்றப்பட்டார்கள். அதே மண்டபம் முகாம்தான் பிற்காலத்தில் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாமானது. போனவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் அதே இடத்துக்கு அகதிகளாகத் திரும்பி வந்தார்கள் என்பதை இந்தக் கரையைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் எல்லாவற்றையும் மாற்றியது. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் கடல் அலையில் சிக்கி, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். துறையும் ரயில் நிலையமும் போயின. சேதமடைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சரிசெய்து கொடுத்த இளம் பொறியாளர் ஈ.ஸ்ரீதரன், பின்னாளில் 'மெட்ரோ மேன்' என்று பெயரெடுத்தார். பாலம் மீண்டது, தனுஷ்கோடி மீளவில்லை. கப்பல் போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாறி, 'ராமானுஜம்' என்ற கப்பல் தலைமன்னாருக்கு ஓடியது. 1980-களில் இலங்கையில் இனப்போர் மூண்டதும் அதுவும் நின்றது.

கலாம் குடும்பத்துப் படகு

ரயில் பாலத்துக்கு முன்பும் பின்பும் யாத்ரீகர்களைத் தண்ணீரில் ஏற்றிச் சென்றவர்கள் உள்ளூர்ப் படகுக்காரர்கள்தான். அவர்களில் பலர் மரைக்காயர்கள். அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீனும் மரப்படகு கட்டி, ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு இந்து யாத்ரீகர்களை ஏற்றிச் சென்று வந்தவர். ஒரு புயல் அந்தப் படகை அடித்துக்கொண்டு போனதைக் கலாம் தன் சுயசரிதையான 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். ராமர் தீர்த்தக் குளத்தின் நடுவே நடக்கும் சீதா கல்யாண விழாவுக்கு சுவாமி சிலைகளைக் கொண்டுபோக மேடை கட்டிய படகைத் தந்ததும் அவர் குடும்பம்தான். இந்த ஊரின் 'லோக்கல் கல்ச்சர்' என்னவென்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது.

1897 ஜனவரி 26-ல் அமெரிக்கப் பயணம் முடித்து இலங்கை வழியாகத் திரும்பிய விவேகானந்தர் கால் வைத்ததும் பாம்பன் கரையில்தான். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். குந்துகாலில் அதற்கு நினைவு மண்டபம் இருக்கிறது. மாலையில் போனால் வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு.

சரி, இப்போது படகில் எங்கே போகலாம்?

முதலில் பாம்பன். ஐரோப்பிய ஆறுகளில் கப்பலுக்காகப் பாலம் திறப்பதைப் பார்க்கப் பயணிகள் மேல்தளத்துக்கு ஓடுவார்கள். இங்கே கூட்டம் நிற்பது தரையில், 1988-ல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி சாலைப் பாலத்தின் மேலே. பழைய ரயில் பாலத்தின் இரண்டு கைகளும் இரு பக்கமும் ஆட்கள் கையால் சுழற்றித்தான் மேலே எழுந்தன. 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று லிஃப்ட் மாதிரி அப்படியே 17 மீட்டர் உயரம் மேலே போகும். இந்தியாவின் முதல் செங்குத்துத் தூக்குக் கடல் பாலம் இது. கப்பல், பார்ஜ், பெரிய மீன்பிடிப் படகுகள் கடக்கும் நாள் முன்கூட்டியே செய்தியாக வந்துவிடும். அந்த நாளில் அங்கிருந்தால் அதிர்ஷ்டம்.

அடுத்து குருசடைத் தீவு. மன்னார் வளைகுடாவில் பாம்பனில் இருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளப்பாறைகளை வெட்டி சுண்ணாம்புக்கு எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். 1986-ல் இந்தத் தீவுக்கூட்டம் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-ல் சுற்றுப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. எந்தத் தீவிலும் அனுமதியில்லாமல் கால் வைப்பது குற்றம். வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலாப் படகில் போவதுதான் ஒரே வழி. 'நம்ம படகுலயே போய் இறக்கிவிடுறேன்' என்று கரையில் யாராவது சொன்னால் மாட்டுவது படகுக்காரர் மட்டும் அல்ல, ஏறியவரும்தான்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்குக் காரங்காடு. தொண்டிக்குப் பக்கத்தில், அலையாத்தி மரங்களுக்கு நடுவே போகும் கழியில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். கயாக் துடுப்புப் படகும் உண்டு. பிச்சாவரத்தின் பெயர் இதற்கு இல்லை, அதனாலேயே நிம்மதி. போகிற வழியில் நாரைகள், கொக்குகள், குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள். கரைக்கு வந்தால் ஊர்ப் பெண்கள் சமைக்கும் மீன், நண்டுச் சாப்பாடு. செங்கோல் மாதா கோயில் அதே ஊரில்தான். ரைன் கரையில் கப்பல் நிறுவனத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் போகும் காசு, இங்கே நேராக ஊருக்குள் போகிறது என்பது பெரிய வித்தியாசம்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல் நவபாஷாணம், கீழக்கரையில் திராவிடக் கட்டடக் கலையில் கருங்கல் தூண்களுடன் நிற்கும் பழைய ஜும்மா பள்ளி, ஏர்வாடி தர்கா, 1693-ல் கொல்லப்பட்ட அருளானந்தர் எனும் ஜான் டி பிரிட்டோவின் ஓரியூர் ஆலயம். இவை எல்லாமே கடலை ஒட்டியோ, கடலில் இருந்து சிறிது தூரத்திலோ இருப்பவை. ஒரே படகில் இவற்றைக் கோத்துப் பார்க்கும் சேவை எதுவும் கிடையாது. கார் அல்லது பஸ்தான்.

பாய் விரித்துப் போகும் படகைப் பார்க்க ஆசைப்பட்டால் தொண்டி பக்கத்துக் கடலோர ஊர்களின் கோயில் திருவிழாக் காலத்தை விசாரித்துவிட்டுப் போகலாம். பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு ஏற்ப, கட்டையில் ஏறி உட்கார்ந்து படகு சாயாமல் ஆட்கள் தாங்கிப் பிடிப்பார்கள். மோட்டார் வந்த பிறகு தொழிலில் பாய் கிட்டத்தட்டப் போய்விட்டது. போட்டியில் மட்டும் இன்னும் மிச்சம்.

எந்த மாதத்தில் எந்தக் கடல்?

இது முக்கியம். இங்கே காலண்டரைவிடக் காற்றைக் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். வடகிழக்கில் இருந்து வரும் வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில், ஏறத்தாழ ஐப்பசி முதல் தை வரை, பாக் விரிகுடா கொந்தளிக்கும். மேற்கு, தென்மேற்கில் இருந்து வரும் கச்சான் காற்று வைகாசியில் தொடங்கினால் மன்னார் வளைகுடா பக்கம் படகு எடுப்பதே சிரமம். 'கச்சான் எடுத்துருச்சு' என்று படகுக்காரர் சொன்னால் அதற்கு மேல் பேரம் பேசக் கூடாது. பாம்பனில் மீனவர்களே நடத்தும் 'கடல் ஓசை' சமுதாய வானொலி 90.4-ல் காற்று, அலை நிலவரம் சொல்கிறார்கள். அறை எடுத்து உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்கும் அது பயன்படும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். துறைமுகம் நிறைய படகுகள் கட்டிக் கிடக்கும். போட்டோவுக்கு அழகு. மீன் விலை மட்டும் எகிறும்.

கச்சத்தீவுக்குப் போகலாமா?

வருஷத்துக்கு ஒரு முறை, இரண்டு நாள். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில் புனித அந்தோணியார் திருவிழா. 1974 ஜூன் ஒப்பந்தத்தின்படி தீவு இலங்கைக்குப் போனாலும், இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் பாஸ்போர்ட், விசா இல்லாமல் போய்வர அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு இடம் கொடுக்கிறது. 285 ஏக்கர், குடிநீர் கிடையாது, குடியிருப்பு கிடையாது, ஒரு கோயில் மட்டும். ராமேஸ்வரத்தில் இருந்து மீன்பிடிப் படகுகளில், பெயர் பதிவு, அடையாள அட்டை, சோதனை எல்லாம் முடித்துத்தான் ஏற்றுவார்கள்.

யாழ்ப்பாணத்துச் சனமும் ராமேஸ்வரத்துச் சனமும் ஒரே மணலில் படுத்து எழும்பும் ராத்திரி அது. முன்பெல்லாம் இங்கிருந்து சேலை, லுங்கி போகும், அங்கிருந்து சோப்பும் தேங்காய் எண்ணெயும் வரும். போர்க்காலத்தில் பிரிந்த உறவினர்கள் சந்தித்துக்கொண்டதும் அங்கேதான். 2024-ல் தமிழக மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். இலங்கை நீதிமன்றம் படகு ஓட்டுநர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்ததற்கு எதிர்ப்பாக. யாத்திரைக்குப் படகு கொடுப்பவர்களும், எல்லை தாண்டினார்கள் என்று பிடிபடுபவர்களும் ஒரே ஆட்கள்தான்.

எல்லை எவ்வளவு பக்கம் என்பதும் பலருக்குத் தெரியாது. அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். இடையில் மணல் தீடைகள். 2022-ல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் தப்பி வந்த குடும்பங்கள் குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டது இந்தத் தீடைகளில்தான். கரையில் செல்ஃபி எடுக்கும் இடத்துக்கு எதிரே.

பெரிய க்ரூஸ் கப்பல் ஏன் வருவதில்லை?

ஆழம் இல்லை. ஆதாம் பாலம் எனும் ராமர் சேது மணல் திட்டுப் பகுதியில் சில இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். அதனால்தான் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் சரக்குக் கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. 2005 ஜூலை 2-ல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் வழக்கில் சிக்கி நின்றுபோனது.

சிறிய பயணிகள் கப்பல் என்றால் கதை வேறு. 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை சேவை 'செரியாபாணி' கப்பலுடன் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்ட் 16-ல் 'சிவகங்கை' கப்பலுடன் மீண்டும் ஆரம்பமானது. பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கடல் சீற்றம் என்றால் ரத்து. ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலை மறுபடி விட வேண்டும் என்ற பேச்சு இரண்டு அரசுகளிலும் ஓய்ந்தபாடில்லை. தலைமன்னார் ரயில் பாதை 2015-லேயே சீரமைக்கப்பட்டுவிட்டது. அந்தப் பக்கம் ரயில் தயார், இந்தப் பக்கம் பாலம் தயார், நடுவில் கப்பல்தான் இல்லை.

படகு அதிகமானால் யாருக்கு நஷ்டம்?

சுற்றுலா வளர்ந்தால் எல்லாருக்கும் லாபம் என்று பேசுவது சுலபம். ஐரோப்பாவிலேயே அந்தப் பேச்சு மாறிவிட்டது. 2024-ல் ஆம்ஸ்டர்டாம் நகரம், வந்து நிற்கும் ஆற்றுக்கப்பல்களின் எண்ணிக்கையை ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைப்பதாக அறிவித்தது. கூட்டமும் புகையும் தாங்கவில்லை.

பாம்பன் சின்னப்பாலத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. இங்குள்ள பெண்கள் தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றிய கடலில் மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை எனும் கடற்பாசிகளைப் பறித்து வந்தவர்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, பல மணி நேரம் தண்ணீரில். தேசியப் பூங்கா வந்ததும் அவர்களின் பழைய இடம் தடை செய்யப்பட்ட இடமானது. மாதத்தில் 12 நாள் மட்டும் பறிப்பது, இனப்பெருக்கக் காலத்தில் பறிக்காமல் விடுவது என்று அவர்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அந்த ஊரைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015-ல் தீவுச் சூழல் பாதுகாப்புக்கான சீகாலஜி சர்வதேச விருது கிடைத்தது.

பாசி பறிக்கப் போகும் பெண்ணுக்குத் தீவு மூடியிருக்கிறது, டிக்கெட் எடுத்த பயணிக்குத் திறந்திருக்கிறது என்ற நிலை வந்தால் அந்த ஊரில் என்ன பேசுவார்கள் என்று யோசிக்க வேண்டியதில்லை. படகு ஓட்டுவது, வழிகாட்டுவது, சமைப்பது எனும் வேலைகள் அந்த வீடுகளுக்கே போகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. காரங்காட்டில் ஊர்க்காரர்களுக்கு அந்த இடம் கிடைத்திருக்கிறது.

பவளத்துக்கும் ஆபத்து குறைவில்லை. கடல் சூடாகி 2010, 2016, 2024 ஆண்டுகளில் பவளப்பாறைகள் வெளுத்தன. அதன் மேல் நங்கூரம் போடுவது, ஆழம் குறைந்த இடத்தில் பாறை மீது ஏறி நின்று போட்டோ எடுப்பது எல்லாம் சேர்ந்தால், நூறு வருஷம் வளர்ந்தது ஒரு மிதியில் உடையும். 2001 முதல் பவளம், கடல் அட்டை ஆகியவை வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. கடைத்தெருவில் பவளத் துண்டு விற்றாலும் வாங்கக் கூடாது. வாங்கி பையில் வைத்திருப்பவர்தான் சோதனையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன்...

படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். வெயில் இருக்கிறது என்று கழற்றக் கூடாது. அரிச்சல்முனையில் குளிப்பது வேண்டவே வேண்டாம். இரண்டு கடலும் சந்திக்கும் இடத்தில் நீரோட்டம் இழுக்கும், மேலே பார்த்தால் தெரியாது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டதால் முன்பு போல மணலில் ஜீப் பிடிக்க வேண்டியதில்லை. கம்பிப்பாடு, பாலம் பகுதிகளில் இன்னும் மீனவக் குடும்பங்கள் கீற்றுக் கொட்டகைகளில் இருக்கின்றன. இடிந்த தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் சங்கு, சிப்பி மாலை விற்பவர்கள் அவர்கள்தான். மீன் வறுவல் அங்கேயே சுடச்சுடக் கிடைக்கும். இருட்டுவதற்குள் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் மத்தியானமே போய்விடுவது நல்லது.